பகலில் ஒழுங்காக ஓடும் ஆக்சஸ் வேலை ராத்திரியில் மட்டும் ஏன் விழுகிறது?

கேள்வி இதுதான்: மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய ஒரு இரவு வேலை. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் தினமும் அதிகாலை 2 மணிக்கு அதைத் திறக்கிறது. திறந்ததும் தானாகத் தொடங்கும் ஆட்டோஎக்ஸெக் மேக்ரோ ஓடி, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த டேட்டா) பைல்களை உள்ளே இழுத்து, நெட்வொர்க்கில் உள்ள டேட்டா பைலைப் புதுப்பித்து, ஒரு எக்செல் பைலும் ஒரு பிடிஎஃப் ரிப்போர்ட்டும் தயாரித்துவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். மூன்று நாலு நாள் நன்றாக ஓடுகிறது, அப்புறம் ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் செத்துக் கிடக்கிறது. கையால் திறந்து ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. பைலைச் சுருக்கிச் சரிசெய்யும் காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் செய்தாகிவிட்டது, ஆஃபீஸை நீக்கி மறுபடியும் நிறுவியாகிவிட்டது. இன்னும் தீரவில்லை.

கையால் ஓட்டினால் ஓடுகிறது என்று நீங்கள் சொன்னதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. டேட்டாவிலோ குவெரியிலோ (டேட்டாவை எடுக்கும், மாற்றும் கட்டளை) கோளாறு இருந்தால் பகலிலும் விழ வேண்டுமே! ஆக்சஸ், திரைக்கு முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள். சந்தேகம் வந்தால் ஒரு பெட்டியைக் காட்டி 'சரியா?' என்று கேட்கும், பதில் வரும்வரை நிற்கும். ராத்திரி 2 மணிக்குப் பதில் சொல்ல ஆளில்லை. மைக்ரோசாஃப்டே ஆஃபீஸ் மென்பொருள்களை ஆளில்லாமல் ஓட்டுவதைப் பரிந்துரைப்பதில்லை என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. அதனால் ஓட்டவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், எத்தனையோ அலுவலகங்கள் இப்படித்தான் ஓட்டுகின்றன. ஆனால் மனிதர் தேவைப்படும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி அடைக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை விழுகிறதா, நின்றுபோகிறதா? காலையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், மருந்து மட்டும் வேறு வேறு. டாஸ்க் மேனேஜரில் ஆக்சஸ் இன்னும் உட்கார்ந்திருந்தால், டாஸ்க் ஷெட்யூலரில் கடைசி முடிவு 0எக்ஸ்41301 என்று இருந்தால், அது விழவில்லை. 'இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது' என்பதுதான் அந்த எண்ணின் பொருள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பெட்டி 'ஓகே' அழுத்தச் சொல்லிக் காத்திருக்கிறது. ஆக்சஸ் காணாமல் போயிருந்தால் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸின் கீழ் அப்ளிகேஷன் பகுதியில் அந்த நேரத்தைத் தேடுங்கள். 1000 எண்ணுள்ள பதிவு இருந்தால் உண்மையான கிராஷ். சிஸ்டம் பகுதியில் 1074 இருந்தால் யாரோ அல்லது எதுவோ கணினியை முறைப்படி ரீஸ்டார்ட் செய்திருக்கிறது, பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட். 41 அல்லது 6008 இருந்தால் கரண்ட் போயிருக்கலாம், அல்லது கணினியே தொங்கி அணைந்திருக்கலாம். அப்படியானால் ஆக்சஸைத் திட்டிப் பயனில்லை.

டாஸ்க் ஷெட்யூலரின் ஹிஸ்டரி பெரும்பாலான கணினிகளில் அணைந்தே இருக்கும். வலப்பக்கத்தில் அதற்கான சுவிட்ச் இருக்கிறது, இன்றே போட்டுவிடுங்கள். இன்னொரு விஷயம்: முடிவு 0எக்ஸ்0 என்று வந்தால் வேலை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆக்சஸ் என்ற புரோகிராம் ஒழுங்காக மூடியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. உள்ளே உங்கள் குவெரி பாதியில் நின்று, பிழையை விழுங்கிவிட்டு மூடினாலும் அதே 0தான் வரும்.

எங்கே விழுந்தது என்பதை வேலையே எழுதி வைக்கும்படி செய்வதுதான் அடுத்தது. நான் பார்த்த வரையில் இதைச் செய்யாமல் நேரே ரிப்பேரில் இறங்குகிறவர்கள்தான் மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஒவ்வொரு படிக்கு முன்னும் பின்னும் ஒரு வரி, நேரத்தோடு, சாதாரண டெக்ஸ்ட் பைலில். இதுதான் உங்கள் லாக். அதே டேட்டாபேஸுக்குள் ஒரு டேபிளில் எழுத வேண்டாம், விழுவது அதுதானே. பைலைத் திற, ஒரு வரி எழுது, உடனே மூடு. திறந்தே வைத்திருந்தால் கிராஷ் நேரத்தில் கடைசி சில வரிகள் டிஸ்க்குக்குப் போகாமலே தொலைந்துவிடும், உங்களுக்கு வேண்டியதோ அந்தக் கடைசி வரிதான். விபிஏ (ஆக்சஸில் குறியீடு எழுதும் மொழி) வரிகளுக்கு எண் கொடுத்திருந்தால் 'இஆர்எல்' என்ற ஃபங்க்‌ஷன் பிழை வந்த வரி எண்ணைத் தரும், அதையும் சேர்த்து எழுதுங்கள். வேலை முழுதாக முடிந்த பிறகு 'முடிந்தது' என்று ஒரு தனிப் பைலை உருவாக்கச் செய்யுங்கள். அது இருந்தால்தான் வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நின்றுபோகிற வகை. இதற்குத்தான் உங்கள் கேஸில் வாய்ப்பு அதிகம்.

டாஸ்க் ஷெட்யூலரில் 'பயனர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு' என்ற தேர்வு இருக்கிறதே, அதைப் போட்டிருக்கிறீர்களா? விஸ்டா காலத்திலிருந்து அப்படி ஓடும் வேலைகள் செஷன் 0 என்ற தனி அறையில்தான் ஓடும். அங்கே திரை இல்லை. ஒரு பெட்டி வந்தால் யாராலும் பார்க்க முடியாது, அழுத்தவும் முடியாது. நெட்வொர்க் ஃபோல்டர்களுக்கு நீங்கள் மேப் செய்து வைத்திருக்கும் இசட் டிரைவ், எக்ஸ் டிரைவ் எதுவும் அங்கே தெரியாது. எல்லாப் பாதையையும் சர்வர் பெயரோடு தொடங்கும் முழுப் பாதையாக மாற்றுங்கள், லிங்க் செய்த டேபிள்களின் பாதையையும் சேர்த்து. 'உயர்ந்த உரிமைகளோடு ஓட்டு' என்ற டிக் போட்டாலும் இதே மாதிரி டிரைவ் காணாமல் போகும். உயர்ந்த உரிமை இருந்தால் எல்லாம் கூடுதலாக ஓடும் என்று நினைத்துப் போடுகிறார்கள், நடப்பது தலைகீழ். ஆக்சஸ் வேலைக்கு அது தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள்.

எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறது என்பதும் முக்கியம். ஆக்சஸின் நம்பகமான ஃபோல்டர் பட்டியல் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி. உங்கள் கணக்கில் அந்த ஃபோல்டர் நம்பகமானது, இரவு வேலைக்கென்று ஐடி ஆட்கள் உருவாக்கிய கணக்கில் அது இல்லை என்றால், ஆக்சஸ் திறக்கும், மஞ்சள் பட்டையைக் காட்டும், விபிஏ ஓடாது, அப்படியே உட்கார்ந்திருக்கும். இணையத்திலிருந்தோ மெயிலிலிருந்தோ இறங்கிய பைல் என்றால் 2022 முதல் ஆஃபீஸ் மேக்ரோக்களை இன்னும் கறாராகத் தடுக்கிறது. பைலின் பிராப்பர்ட்டீஸில் போய் அன்பிளாக் செய்ய வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு முறையாவது நேரே லாகின் செய்து, ஆக்சஸ், எக்செல் இரண்டையும் திறந்து, முதல் முறை கேட்கும் உரிமக் கேள்விகளையெல்லாம் முடித்துவிட்டு வாருங்கள். ஓடிபிசி (வெளி டேட்டாபேஸோடு இணையும் வழி) இணைப்பு இருந்தால் அதன் விவரத்தைச் சேமித்திருப்பது யூசர் டிஎஸ்என்னா சிஸ்டம் டிஎஸ்என்னா என்று பாருங்கள். யூசர் டிஎஸ்என் அந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் இவை எல்லாம் தினமும் விழ வைக்கும் காரணங்கள். மூன்று நாள் ஓடி நாலாம் நாள் விழுகிறது என்றால் நாளுக்கு நாள் மாறுகிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும். பிடிஎஃப் ரிப்போர்ட்டை முதலில் சந்தேகப்படுங்கள். ஆக்சஸ் ரிப்போர்ட்டை வரிசைப்படுத்திப் பக்கம் பிரிக்கும்போது, காகிதத்தில் அச்சிடாவிட்டாலும், டீஃபால்ட் பிரிண்டரின் டிரைவரைக் கேட்டுத்தான் செய்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போனால் உங்கள் கணினியின் பிரிண்டரும் கூடவே வந்து அங்கே ஒட்டிக்கொள்ளும். இணைப்பைத் துண்டித்ததும் அது போய்விடும். நேற்று மாலை யாராவது ரிமோட்டில் போய் எட்டிப் பார்த்தார்களா என்பதைப் பொறுத்து இன்று ராத்திரி வேலை ஓடும் அல்லது விழும்! 'டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்பதை அணைத்துவிட்டு, விண்டோஸோடு வரும் பிடிஎஃப் பிரிண்டரை அந்தக் கணக்கின் டீஃபால்ட்டாக நிரந்தரமாக வையுங்கள். ரிப்போர்ட்டின் பேஜ் செட்டப்பிலும் குறிப்பிட்ட ஒரு பிரிண்டர் பெயர் இல்லாமல் டீஃபால்ட் என்றே இருக்கட்டும்.

அடுத்த சந்தேகம் சிஎஸ்வி. 2 மணிக்குத் தொடங்குகிறீர்கள். அனுப்புகிற பக்கம் சில நாள் 1:50-க்கு முடிக்கும், சில நாள் 2:05 வரை எழுதிக்கொண்டிருக்கும். பாதி எழுதிய பைலை ஆக்சஸ் எடுத்தால் ஒன்று பிழை வரும், அல்லது பாதி டேட்டா சத்தமில்லாமல் ஏறும். இரண்டாவதுதான் மோசம். விபிஏவில் அந்தப் பைலை வேறு யாரும் தொடாதபடி பூட்டித் திறந்து பாருங்கள். திறக்க முடியவில்லை என்றால் ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி முயலட்டும், ஒரு வரம்பு வரை. உண்மையில் 2 மணி என்பதே நல்ல நேரமில்லை. விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு வழக்கமாக வைத்திருக்கும் நேரமும் 2 மணிதான், பேக்கப்பும் வைரஸ் ஸ்கேனும் அதையொட்டியே வைக்கப்பட்டிருக்கும். 3:40 மாதிரி யாரும் வைக்காத ஒரு நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

குறியீட்டில் ஆக்‌ஷன் குவெரிகளை 'டூசிஎம்டி ரன்எஸ்க்யூஎல்' கொண்டு ஓட்டி, மேலே 'செட்வார்னிங்ஸ் ஃபால்ஸ்' போட்டிருக்கிறீர்களா? இருந்தால் எடுத்துவிடுங்கள். அது அடக்குவது உறுதிப்படுத்தும் கேள்விகளை மட்டுமல்ல. கீ (இரண்டு முறை வரக் கூடாத அடையாள மதிப்பு) மோதலால் சேராமல் போன வரிசைகளைப் பற்றிய எச்சரிக்கையும் சேர்ந்தே அடங்கிவிடும். டிஏஓவின் (ஆக்சஸின் டேட்டா எஞ்சினோடு நேரே பேசும் வழி) 'எக்ஸிக்யூட்' முறையை 'டிபிஃபெயில்ஆன்எரர்' தேர்வோடு பயன்படுத்தினால் கேள்வியே வராது, தவறு நடந்தால் பிழையாக வரும், அதைப் பிடித்து லாகில் எழுதலாம். ஃபார்மில் இருக்கும் கட்டங்களைக் குறிப்பிடும் குவெரிகள் மட்டும் இப்படி மாற்றியவுடன் 3061 பிழை தரும். அந்த மதிப்புகளை பாராமீட்டராகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ப்ரொசீஜரிலும் எரர் ஹேண்ட்லர் இருக்கட்டும். ஓட்ட மட்டும் உதவும் ஆக்சஸ் ரன்டைம் பதிப்பில் ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே பிடிக்கப்படாத ஒரு விபிஏ பிழை வந்தால் ஆக்சஸே மூடிவிடும், பார்க்க அச்சு அசல் கிராஷ் மாதிரி இருக்கும்.

எக்செல். காலையில் டாஸ்க் மேனேஜரில் எக்செல்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தால், குறியீட்டில் எங்கோ 'ஆக்டிவ்ஷீட்', 'செல்ஸ்' போன்றவற்றை எந்த எக்செல் என்று சொல்லாமல் எழுதியிருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் பொருள். விபிஏ மறைவாக ஒரு இணைப்பை வைத்துக்கொள்ளும், 'குவிட்' சொன்னாலும் எக்செல் போகாது. மறுநாள் ராத்திரி அதே பைலைத் திறக்கப் போனால் பூட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு பெட்டி. வெறும் டேட்டாவை எக்செலாக எழுதுவதுதான் நோக்கம் என்றால் எக்செலையே தொடாமல் 'ட்ரான்ஸ்ஃபர்ஸ்ப்ரெட்ஷீட்' போதும். நிறம் பூசுவது, கோடு போடுவதெல்லாம் வேண்டுமென்றால், முன்கூட்டியே அலங்கரித்த ஒரு டெம்ப்ளேட்டை வைத்துக்கொண்டு அது தனியாக ஒரு டேட்டா ஷீட்டிலிருந்து படிக்கும்படி செய்துவிடலாம்.

இனி, ஈவென்ட் வியூவரில் 1000 உண்மையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதிவில் 'ஃபால்டிங் மாட்யூல்' என்று ஒரு பெயர் இருக்கும், சில நாட்களின் பதிவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். விபிஇ7 என்று தொடர்ந்து வந்தால் கம்பைல் செய்யப்பட்ட விபிஏ குறியீடு கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். காம்பாக்ட் அதை எப்போதும் சரி செய்யாது. ஒரு பிரதி எடுத்து, ஆக்சஸை 'டீகம்பைல்' சுவிட்சோடு திறந்து, ஷிஃப்டை அழுத்திப் பிடித்து ஆட்டோஎக்ஸெக்கைத் தவிர்த்து, மூடி, காம்பாக்ட் செய்து, விபிஏ எடிட்டரில் மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஏஸ்கோர் என்று வந்தால் டேட்டா எஞ்சின், அதாவது டேபிளோ இன்டெக்ஸோ கெட்டிருக்க வாய்ப்பு. பிரிண்டர் டிரைவர் அல்லது ஓடிபிசி டிரைவரின் பெயர் வந்தால் அதைப் புதுப்பிக்க வேண்டியதுதான். விண்டோஸின் சொந்தப் பைலான என்டிடிஎல்எல் என்று மட்டும் வந்து, பிழை எண் 0எக்ஸ்சி0000374 என்றால் மெமரியை யாரோ முன்னமே கெடுத்திருக்கிறார்கள், பிணம் கிடந்த இடம்தான் தெரியும், கொன்றவர் வேறு. அப்போது உங்கள் லாக் பைலின் கடைசி வரியைத்தான் நம்ப வேண்டும். பெயருக்குக் கீழே உள்ள ஆஃப்செட் எண்ணையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே எண் என்றால் ஒரே இடத்தில், ஒரே காரணத்தால் விழுகிறது, கண்டுபிடிக்கலாம். தாறுமாறாக மாறினால் நெட்வொர்க், மெமரி பக்கம் திரும்புங்கள்.

டேட்டா பைல் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் நெட்வொர்க்தான் காரணம். ஆக்சஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு ஒரு விநாடி போனாலும் பைல் பாதி நிலையில் நிற்கலாம். வைஃபையில் இருக்கும் கணினியில் இரவு வேலை ஓட்டாதீர்கள். நெட்வொர்க் கார்டின் பவர் சேவிங்கை அணையுங்கள். டேட்டா பைல் ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருந்தால் உடனே வெளியே எடுங்கள். 2018-ல் விண்டோஸ் 10-இன் 1803 அப்டேட்டுக்குப் பிறகு, டேட்டாபேஸ் சீரற்ற நிலையில் இருக்கிறது என்ற பிழை பல அலுவலகங்களில் கிளம்பியது. பைல் இருக்கும் கணினியில் 'டிஸேபிள்லீசிங்' என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பை 1 ஆக்குவதுதான் அப்போது சொல்லப்பட்ட வழி. அதே பிழை உங்களுக்கு வந்தால் அதை முயன்று பார்க்கலாம். அப்டேட்டுகளே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. 2019 நவம்பரில் வந்த ஆஃபீஸ் பாதுகாப்பு அப்டேட், ஒன்றும் கெடாத அப்டேட் குவெரிகளையே 'குவெரி கெட்டுவிட்டது' என்று 3340 பிழை காட்டி நிறுத்தியது. ஆகவே ஒரு நாள் திடீரென்று தொடங்கிய பிரச்சினை என்றால், அந்த வாரம் என்ன அப்டேட் ஏறியது என்று பார்க்கத் தவறாதீர்கள்.

அளவு வரம்புகளையும் ஒரு பார்வை பாருங்கள். ஆக்சஸ் பைல் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. தினமும் தற்காலிக டேபிளில் லட்சக்கணக்கில் ஏற்றி அழித்தால், அழித்த இடம் காம்பாக்ட் செய்யும்வரை திரும்ப வராது. மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை விழுகிறது என்றதும் எனக்கு இதுவும் ஞாபகம் வந்தது. வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் பைல் அளவை லாகில் எழுதுங்கள், இரண்டு நாளில் தெரிந்துவிடும். ஒரே குவெரியில் மிகப் பெரிய அப்டேட் செய்யும்போது 3052 வந்தால் ஒரே நேரத்தில் போடும் பூட்டுகளின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டது, இயல்பில் அந்த வரம்பு 9500. 'டிபிமேக்ஸ்லாக்ஸ்பர்ஃபைல்' தேர்வை வேலையின் தொடக்கத்திலேயே உயர்த்தினால் போதும்.

'மூடும்போது காம்பாக்ட் செய்' என்ற தேர்வை அணைத்துவிடுங்கள். ஆளில்லாத நேரத்தில் பைலைப் பிரித்து மறுபடி கட்டும் வேலையை, நடுவில் தடைபட்டால் கவனிக்க யாரும் இல்லாமல் செய்ய விடுவது வம்பு. அதற்குப் பதிலாக நான் சொல்வது இது. நல்ல நிலையில் உள்ள முன்பக்க பைலின் (குவெரி, ரிப்போர்ட், விபிஏ உள்ள பைல்) ஒரு மூலப்பிரதியை யாரும் திறக்காத ஃபோல்டரில் வையுங்கள். தற்காலிக டேபிள்களுக்கென்று ஒரு காலி டேட்டாபேஸும் அங்கேயே இருக்கட்டும். தினமும் பவர்ஷெல் (விண்டோஸோடு வரும் கட்டளை மொழி) ஸ்கிரிப்ட் ஒன்று இரண்டையும் உள்ளூர் டிஸ்க்கில் பிரதி எடுத்து, நெட்வொர்க் டேட்டா பைலுக்கு ஒரு பேக்கப் எடுத்து, அப்புறம் ஆக்சஸைத் திறந்து, குறிப்பிட்ட நேரம் வரை காத்திருக்கட்டும். 'முடிந்தது' பைல் வந்ததா என்று பார்த்து, வராவிட்டால் உங்களுக்கு மெயில் அனுப்பட்டும். நேரம் கடந்தும் ஆக்சஸ் நின்றுகொண்டிருந்தால், தான் திறந்த அந்த ஒரு ஆக்சஸை மட்டும் முடிக்கட்டும், பெயரைப் பார்த்து எல்லாவற்றையும் கொல்லக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் ஆக்சஸைக் கொன்றால் டேட்டா பைல் கெடலாம், பேக்கப் முன்னாலேயே எடுப்பது அதற்காகத்தான். இப்படிச் செய்துவிட்டால் வீக்கமும், கெட்டுப்போன விபிஏவும், நேற்றைய மிச்சமும் இன்றைய இரவுக்குள் வர வழியில்லை.

மறுபடி ஓட்டினால் ஒரே டேட்டா இரண்டு முறை ஏறாதபடியும் எழுதுங்கள். எந்த சிஎஸ்வி ஏறிவிட்டது என்று ஒரு டேபிளில் குறித்துவைத்து, அதே பைல் மறுபடி வந்தால் தாண்டிவிடலாம். இல்லாவிட்டால் காலையில் அவசரத்தில் ஒருவர் கையால் ஓட்ட, இரண்டு மடங்கு எண்கள் வந்து நிற்கும். கிராஷைவிட அதைச் சரிசெய்வதுதான் கஷ்டம்.

செஷன் 0-இல் எக்செலும் ரிப்போர்ட்டும் கடைசிவரை அடம்பிடித்தால், கொஞ்சம் அசிங்கமான ஆனால் வேலை செய்கிற வழி ஒன்று உண்டு. இதற்கென்றே ஒரு சிறிய கணினி, தானாக லாகின் ஆகி உடனே திரை பூட்டிக்கொள்ளும்படி அமைத்து, 'பயனர் லாகின் செய்திருந்தால் மட்டும் ஓட்டு' என்று வைப்பது. தானாக லாகின் ஆகும் கணினி என்பதால் அந்தக் கணக்குக்குத் தேவைக்கு மேல் ஒரு உரிமையும் கொடுக்காதீர்கள், கணினியையும் பூட்டிய அறையில் வையுங்கள்.

அதைவிட நல்ல வழி, டேட்டா ஏற்றுவதையும் குவெரிகளையும் ஆக்சஸ் ஜன்னலே இல்லாமல் ஓட்டுவது. பவர்ஷெல்லிலிருந்து டிஏஓ எஞ்சினை நேரே கூப்பிட்டுக் குவெரிகளை ஓட்டலாம், பெட்டி வர வாய்ப்பே இல்லை. ஆஃபீஸ் 32 பிட் என்றால் பவர்ஷெல்லும் 32 பிட்டாக இருக்க வேண்டும், 64 என்றால் 64. ஒரு தடை மட்டும் உண்டு. ஆக்சஸுக்கு வெளியே, காலி மதிப்புக்குப் பதில் வேறு மதிப்பு தரும் 'என்இசட்' ஃபங்க்‌ஷன் கிடையாது, நீங்களே விபிஏவில் எழுதிய ஃபங்க்‌ஷன்களும் கிடையாது. அவற்றைப் பயன்படுத்தும் குவெரிகளை முதலில் தேடிப் பட்டியல் போடுங்கள். 'என்இசட்' உள்ளவற்றை 'ஐஐஎஃப்' கொண்டு மாற்றிவிடலாம். சொந்த ஃபங்க்‌ஷன்கள் நிறைய இருந்தால், அந்தக் குவெரிகளை மட்டும் ஆக்சஸிலேயே விட்டுவிட்டு மற்றவற்றை வெளியே கொண்டுபோனாலும் ராத்திரி விழ வாய்ப்புள்ள இடங்கள் கணிசமாகக் குறையும்.